தேடலில் வராதவர்

எழுபது வயதைத் தாண்டியும் வீட்டில் அவர் சின்னவர்தான். அக்கா பெரியவர், ஆகவே இவர் சின்னவர். மாடிப்படிக்குக் கீழே இருந்த மருந்துக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார்: "சின்னவங்களோட மாத்திரை வந்தாச்சு, பெரியவங்களோடது நாளைக்கு வரும்." அவருடைய சொந்தப் பெயர் முழுசாக எழுதப்பட்டிருந்த சில இடங்களில் எங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டரும் ஒன்று. அதில் தேடியபோது அவர் வரவில்லை. அதனால் அவருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்கிறேன்.

நான் பராமரிப்பு வேலை கற்றவள். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவது, குளிப்பாட்டுவது, புண் வராமல் பார்த்துக்கொள்வது, வந்துவிட்டால் ஆற்றுவது. நர்ஸ் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு சின்ன அலுவலகம் என்னை அந்த அக்கா தங்கை வீட்டுக்கு அனுப்பியது.

பெரியவருக்குப் பக்கவாதம். இடது பக்கம் போயிருந்தது, வாய் போகவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். படுத்தபடியே வீடு முழுவதையும் பரிசோதித்துக்கொண்டிருப்பார். சமையலறையில் கரண்டி விழுந்தால் எந்தக் கரண்டி என்று சொல்வார்.

"அடியே, பாலை அடுப்புல வச்சிட்டு எங்க போன?"

"இங்கதான் நிக்கிறேன். பால் என்ன ரயிலா, நேரமாச்சுன்னு கிளம்பிப் போக?"

"பொங்கி வழியும்போது தெரியும் உன் வாய்."

"செக்கிங் வந்தாச்சு நர்சம்மா. டிக்கெட் வச்சிருக்கீங்கல்ல? இல்லைன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடுவாங்க."

இப்படி நாள் முழுக்க ஓடும். சண்டை என்று நினைத்து முதல் வாரம் நடுவில் புகுந்து சமாதானம் பேசினேன். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

சின்னவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கும் அறையில் வேலை பார்த்தவர். மேல் மாடிகளிலிருந்து ஒரு தகரக் குழாய் வழியாகத் துணி மூட்டையாகக் கீழே வந்து விழும். மேலே போய், "இன்னும் வரலையே" என்று கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. வந்தால் தைக்க வேண்டும், வராவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். வேலைக்காலம் முழுவதும் அவர் அப்படி இருந்து பழகியவர். ஆஸ்பத்திரி விடுதியில் ஆறு பேரோடு ஓர் அறை. அதற்கு முன் அப்பா வீட்டில் கூடத்தின் ஒரு மூலை. ஓய்வு பெற்ற பிறகு விதவையான அக்காவின் வீட்டில், அக்காவின் அறையிலேயே ஒரு கட்டில். ஜன்னல் பக்கம் அக்காவுடையது. ரேடியோவும் அக்காவுடையது. விளக்கு எப்போது அணைய வேண்டும் என்பதும் அக்கா சொல்வதுதான்.

அந்த வீட்டில் ஒரே ஒரு போன் இருந்தது. அதுவும் அக்காவுடையது. "நீங்க ஒண்ணு வாங்கிக்கலாமே," என்று ஒருமுறை சொன்னேன்.

"எனக்கு யாரு போன் பண்ணப் போறாங்க? எனக்குன்னு பேசற ஒருத்தியும் பக்கத்துக் கட்டில்ல கிடக்கிறா. அவ கூப்பிடறதுக்குப் போனே வேண்டாம், தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"கேக்குதுல்ல? அப்ப ஏன் மூணு தடவை கூப்பிட வைக்கிற?" என்றார் பெரியவர் உள்ளேயிருந்து.

பெரியவர் குளிர்காலத் தொடக்கத்தில், ஒரு காலை நான் பல் துலக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது போய்விட்டார். திணறல் இல்லை, வலி இல்லை. நல்ல சாவு. இந்த வேலையில் நல்லதையும் கெட்டதையும் பார்த்திருப்பதால் சொல்கிறேன். சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து விரிப்பை மாற்றினார். என்னைத் தொடவிடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பெரியவரின் மகன் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார். வேறு ஊரில் மின்நிலையத்தில் ஷிப்ட் வேலை. கெட்டவர் இல்லை. தூக்கமில்லாத கண்கள், நல்ல மனசு. வீடு இப்போது அவருடையது.

"சித்தி, நீங்க இங்க தனியா எப்படி இருப்பீங்க? எங்க வீட்ல இடமில்லை, அது உங்களுக்கே தெரியும். நல்ல இல்லம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். சாப்பாடு, டாக்டர், எல்லாம் அங்கேயே."

"எத்தனை பேர் ஒரு ரூமுக்கு?"

"நாலு பேர் இருப்பாங்கன்னு நினைக்கிறேன்."

சின்னவர் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "டேய், பொறந்ததிலிருந்து நான் தனியா ஒரு ரூம்ல படுத்ததே இல்லை. இப்பதான் கிடைச்சிருக்கு. உங்க அம்மா போனதுல எனக்கு சந்தோஷமான்னு கேக்காத, அறைஞ்சிடுவேன். ஆனா ரூம் கிடைச்சிருக்கு. கொஞ்ச நாள் இருந்துக்கறேன் விடு."

"விழுந்துட்டா? சுகர் வேற இருக்கு."

"விழுந்தா எந்திரிப்பேன்."

மகன் என்னைப் பார்த்தார். எங்கள் அலுவலகத்தில் ஓர் ஏற்பாடு உண்டு என்று சொன்னேன். வாரம் ஒரு போன். குரலில் ஏதாவது சரியில்லை என்றால் அன்றே ஆள் போகும். அதோடு வாரத்துக்கு ஒரு தடவை நேரில் போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்தம், பாதம் பார்ப்பார்கள். மகன் யோசித்தார். கடைசியில், "சரி சித்தி. ஆனா ஒண்ணு. இவங்க வர்றது என்னைக்கு நின்னாலும் அன்னைக்கே நான் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவேன். சம்மதமா?" என்றார்.

"சம்மதம்," என்றார் சின்னவர், அவர் கேட்டு வாயை மூடும் முன்பே.

அன்று மத்தியானமே அலுவலகத்துக்குப் போய் விவரம் கொடுத்தேன். எங்கள் போன் மேசையில் இருந்தவளை எல்லாரும் ஹலோ என்று கூப்பிடுவோம். பக்கத்தில் நின்று தோளைத் தொட்டால்கூட "ஹலோ, சொல்லுங்க" என்பாள். இரண்டு பிள்ளைகளின் தாய், சுறுசுறுப்பானவள், ஒரு வேலையை நாளைக்கு என்று வைக்க மாட்டாள். சின்னவரின் பெயர், வயது, சர்க்கரை, பாதம் பார்க்க வேண்டும், அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைப் பலமாகத் தட்டவும், போன் எண் எல்லாவற்றையும் என் கண் முன்னால் பதிந்தாள். அன்று சாயங்காலம் பெரியவரின் பதிவைத் திறந்து, "காலமானார்" என்று குறித்து மூடினாள். இரண்டும் சரியாகச் செய்த வேலை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு வீடு முடிந்தால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. அடுத்து வருபவரோடு அவர்கள் பழக வேண்டும். என்னை ஊரின் மறுகோடியில், முதுகெலும்பு உடைந்த ஒருவருக்கு அவர் வீட்டிலேயே தங்கிப் பார்க்க அனுப்பினார்கள். குளிர்காலம் முடியும் வரை அங்கேதான் இருந்தேன்.

இப்போது அந்த மென்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளிகள், குடும்பத்தார், டாக்டர்கள், எங்களைப் போன்ற பராமரிப்பாளர்கள் என எல்லாருடைய விலாசமும் எண்ணும் அதில்தான். அதற்கு முன்னால் அட்டைகள் இருந்தன. அட்டைக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஒரு தடவை டீ கொட்டி ஒரு தெருவே அழிந்துபோனது. மென்பொருளில் எதுவும் அழியாது. ஆனால் தேடினால் கிடைக்குமா என்பது அதன் மனநிலையைப் பொறுத்தது. முழுப் பெயரைப் போட்டால் ஒருவரும் இல்லை என்று சொல்லும். பாதிப் பெயரைப் போட்டால் பாதி ஊரைக் கொண்டுவந்து நிறுத்தும். காலையில் வந்தவர் மத்தியானம் வர மாட்டார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி வருவார். குழாய் ரிப்பேர்க்காரரைத் தேடினால் முதலில் வருவது ஒரு குழந்தை டாக்டர். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. "நாய்" என்று போட்டால் நாய் இருக்கும் வீடுகள் அத்தனையும் வரிசையாக வரும், கடிக்குமா குரைக்குமா என்பது உட்பட.

"மனுஷங்களைத் தெரியல, நாயை மட்டும் நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கு," என்பாள் ஹலோ. "நோயாளி வீட்லயெல்லாம் ஆளுக்கொரு நாய் வளக்கச் சொல்லணும். அப்பதான் எனக்குத் தேட வசதி."

இப்படிச் சிரித்துக்கொண்டே எல்லாரும் அதோடு பழகிவிட்டோம். தினமும் காலையில் அவள் "இன்றைய அழைப்புகள்" என்ற பொத்தானை அழுத்துவாள். திரையில் வரும் பெயர்களை மேலிருந்து கீழாகக் கூப்பிடுவாள். வராத பெயரைக் கூப்பிட முடியாது. வராதது எது என்று தெரியவும் வழியில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய நாள் ஒன்றில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நோயாளியைப் புரட்டக் கற்றுக்கொடுக்க அலுவலகம் போனேன். வகுப்புக்கு முன்னால் ஹலோவின் மேசைப் பக்கம் நின்று, "நம்ம சின்னவங்க எப்படி இருக்காங்க? யாரைப் போட்டிருக்கீங்க அங்க?" என்று கேட்டேன்.

"எந்தச் சின்னவங்க ஆன்ட்டி?"

சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. பெயரைப் போட்டாள். யாரும் இல்லை. பாதிப் பெயரைப் போட்டாள். பாதி ஊர் வந்தது, அதில் சின்னவர் இல்லை. தெருவைப் போட்டாள். பெரியவர் வந்தார், மூடிய பதிவு. போன் எண்ணைப் போட்டாள். மறுபடியும் பெரியவர்.

"அவங்க சேர்றதா இருந்து அப்புறம் வேண்டாம்னுட்டாங்களோ?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"நீதானே பதிஞ்சே? நான் பக்கத்துல நின்னேன். கதவைப் பலமாத் தட்டவும்னுகூடப் போட்டியே."

மென்பொருள்காரரைப் போனில் பிடித்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

"அது பிழை இல்லைங்க மேடம். ஒரே எண்ணுல ரெண்டு பேர் இருந்தா, முதல்ல பதிவானவங்களுக்குக் கீழே ரெண்டாவது ஆளைச் சேத்துடும். ஒரே ஆளை ரெண்டு தடவை பதிஞ்சிடக் கூடாதுல்ல, அதுக்காக."

"மேல இருக்கவங்க பதிவை மூடினா?"

"கீழ இருக்கிறதும் சேந்து மூடிக்கும். தேடல்ல வராது. ஆனா பத்திரமா உள்ளேதான் இருக்கும், கவலைப்படாதீங்க."

"ஒரு வீட்ல ரெண்டு பேருக்கு ஒரு போன் இருக்காதா தம்பி?" என்று கேட்டேன்.

"இந்தக் காலத்துலயா?" என்றார் அவர். நக்கல் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "சரி, மேல இருக்கவங்க எண்ணை எடுத்துடுங்க. இவங்க வெளிய வந்துடுவாங்க."

ஹலோ பெரியவரின் பதிவைத் திறந்தாள். இந்த எண்ணை நீக்கவா என்று திரை கேட்டது. நீக்கினாள். அடுத்த நொடி சின்னவர் வந்து நின்றார். முழுப் பெயர், வயது, சர்க்கரை, அழைப்பு மணி, அப்படியே எல்லாம். கீழே, அழைக்க வேண்டிய வாரங்கள் ஒவ்வொன்றும் சிவப்பில். திரை போதாமல் கீழே உருட்ட வேண்டியிருந்தது.

ஹலோ கடைசி வரை உருட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தார்.

"யாரு, நர்சம்மாவா! நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

"பாதம் எப்படி இருக்கு?"

"பாதம் கிடக்கு," என்றார்.

வகுப்பை வேறொருத்தியிடம் விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கதவைத் தட்டியபோது உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். அவர் நாற்காலியைப் பிடித்துத் தள்ளியபடி நடந்து வருகிறார் என்று தெரிந்தது. கதவு திறப்பதற்குள்ளேயே நாற்றம் வந்தது. இந்த நாற்றம் எனக்குத் தெரியும். சதை செத்தால் வருவது.

அறையில் கட்டில் ஜன்னலோரம் போயிருந்தது. பெரியவரின் கட்டிலை எடுத்துப் போய்விட்டார்கள். நல்ல வெளிச்சம். ரேடியோ தலைமாட்டில். அவரை உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தேன். பழைய விரிப்பைக் கிழித்துப் போட்ட கட்டு. ஓரங்களை மடித்துச் சின்னச் சின்னத் தையலாகத் தைத்திருந்தார். கட்டுத் துணிக்குக்கூட ஓரம் தைத்தவர் காலை அப்படி விட்டிருந்தார். இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. கறுப்பு பாதத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"எப்ப ஆச்சு?"

"கட்டிலை ஜன்னல் பக்கம் போடணும்னு ஆசை. ஆள் வந்ததும் ரெண்டு பேரா நகத்தலாம்னு பாத்தேன். வரலை. நானே தள்ளினேன். இரும்புக் கால் நேரா விரல்ல இறங்கிடுச்சு."

அப்படியானால் முதல் மாதம். முதல் மாதத்தில் பார்த்திருந்தால் மருந்தும் கட்டும் போதும். நான் ஆற்றிய எத்தனையோ புண்களில் ஒன்றாகப் போயிருக்கும்.

"எங்களைக் கூப்பிட வேண்டியதுதானே அம்மா?"

"கூப்பிட்டேனே. உங்க ஹலோ பொண்ணுதான் எடுத்துச்சு. நம்பரைக் கேட்டுச்சு, சொன்னேன். அந்தப் பதிவு மூடியாச்சு, ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்னு சொல்லுச்சு. மூடியாச்சுன்னா மூடியாச்சுதானே? மேல இருக்கிறவங்க முடிவு பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன்."

"அது உங்க அக்காவோட பதிவு. அவ வருத்தப்பட்டது உங்க அக்காவுக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வருத்தப்படுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"பையன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அடுத்த ரயில்லயே வந்து என்னைத் தூக்கிட்டுப் போயிருப்பான். அதான் வாரா வாரம் ஆள் வந்தாங்கன்னு சொன்னேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன்கிட்ட இதைச் சொல்லாதீங்க நர்சம்மா. காலைப் பாத்துக் கட்டுப் போட்டு விடுங்க. ஆறிடும்."

ஆறாது என்று சொன்னேன். மழுப்பினால் நோயாளிக்கு நேரம்தான் வீணாகும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஒரு பையில் இரண்டு உடுப்பு, மாத்திரைகள், கண்ணாடி எல்லாம் வைத்தேன். அவர் ரேடியோவை அணைத்துவிட்டு, அது அணைந்திருக்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். மகன் மறுநாள் வந்தார், ஷிப்ட் உடுப்போடேயே. கட்டிலின் மறுபக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். சித்தியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"நர்சம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இந்தக் குளிர்லயும் வாரம் தவறாம வந்திருக்கீங்க. போன மாசம் உங்களுக்குச் சளி பிடிச்சிருந்துச்சாமே, அப்பவும் மூக்கைச் சிந்திக்கிட்டே வந்து சித்திக்கு சூப் வச்சுக் குடுத்தீங்களாம். இப்ப பரவாயில்லையா?"

நான் சின்னவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. போர்வையின் ஓரத்தை விரல்கள் மடித்துக்கொண்டிருந்தன.

மகன் தொடர்ந்து சொன்னார்: "அதான் எனக்குப் புரிஞ்சு போச்சு. வாரா வாரம் ஆள் வந்தும் இப்படி ஆயிடுச்சுன்னா இனிமே தனியா விடறது சரியில்லை."

இதைக் கேட்டதும் உண்மையைச் சொல்வதுதான் அவருக்கு நல்லது என்று எனக்குத் தோன்றியது. ஆள் வந்திருந்தால் கால் பிழைத்திருக்கும். ஆள் வராதது எங்கள் தவறு. ஆகவே இனி ஒழுங்காக வந்தால் அவர் தனியாக இருக்கலாம். கணக்கு நேராகத்தான் இருந்தது. சொன்னேன். ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தது, ஒன்றை மூடியதில் மற்றதும் மூடிக்கொண்டது, ஒரு போன்கூடச் செய்யாதது, ஒரு தடவைகூட யாரும் போகாதது, எல்லாம்.

"தப்பு முழுக்க எங்களோடது தம்பி. சித்தி மேல ஒண்ணும் இல்லை. இனிமே நானே வரேன், வாரத்துக்கு ரெண்டு தடவை."

அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப அந்தச் சளி?"

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.

"சித்தி? அந்த சூப்?"

சின்னவர் கண்ணைத் திறந்தார். "சும்மா சொன்னேன்டா."

"வாரா வாரமா?"

"நீ கேப்பியே. வந்தாங்களா, என்ன பேசினாங்கன்னு கேப்ப. ஏதாவது சொல்லணும்ல. முதல்ல ஒரு வார்த்தைதான் சொன்னேன். அப்புறம் அது பாட்டுக்கு வளந்துடுச்சு. சொல்லிச் சொல்லி, இவங்க நிஜமாவே வந்த மாதிரிதான் இருந்துச்சு எனக்கும். அன்னைக்கு சூப்ல உப்பு கம்மின்னு நினைச்சேன்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். மகன் சிரிக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். "நான் அதைக் கேட்டுட்டுத்தான் சித்தி நிம்மதியாத் தூங்குவேன். வாரத்துல அந்த ஒரு நாள். சித்தியைப் பாக்க ஆள் வந்துட்டாங்கன்னு."

"தெரியும்டா. அதுக்கும் சேத்துத்தான்."

"தம்பி, இனிமே நான் வருவேன்," என்றேன் மறுபடி.

"நீங்க வருவீங்க நர்சம்மா. நான் நம்பறேன். ஆனா வந்தீங்களான்னு நான் யார்கிட்ட கேப்பேன்? சித்தி நல்லா இருக்கேன்னு சொன்னா அதை வச்சு நான் என்ன பண்றது?"

அவர் சொன்னதில் தவறு இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் இல்லம்தான், திறந்ததாலும் இல்லம்தான். சின்னவர் என்னைக் குற்றம் சொல்வதுபோல் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. "எந்த மாடியில?" என்று மட்டும் கேட்டார். "தரைத்தளம்தான் சித்தி," என்றார் மகன். அவ்வளவுதான் பேச்சு.

ஹலோ அந்த வாரம் முழுவதும் வீட்டுக்கு நேரத்தோடு போகவில்லை. மூடிய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணை எடுத்துக்கொண்டிருந்தாள். கணவருக்குக் கீழே மனைவி, அம்மாவுக்குக் கீழே ஊனமுற்ற மகன், வீட்டுக்காரருக்குக் கீழே குடியிருப்பவர் என்று ஆட்கள் வெளியே வந்தார்கள். சிலர் போனை எடுத்தார்கள். சிலருடைய எண் உபயோகத்தில் இல்லை. யாராவது எடுத்து "யாருங்க?" என்று கேட்டால், அவளுக்கு வழக்கமான அந்த ஹலோ வர மறுத்தது. முதலாளியம்மா மென்பொருளை மாற்றிவிடலாம் என்றார். பிறகு புதியதில் வேறு என்ன கோளாறு இருக்குமோ என்று இதையே வைத்துக்கொண்டார். இப்போது ஒரு பதிவை மூடுவதற்கு முன்னால் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

இல்லம் மோசமில்லை. சுத்தமாக இருக்கும், விரிப்பு மாற்றுகிறார்கள், ஆயாக்கள் கத்துவதில்லை. ஓர் அறைக்கு நான்கு பேர். விளக்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு சீக்கிரமே அணைத்துவிடுவார்கள். சின்னவர் ஊன்றுகோலோடு நடக்கப் பழகிவிட்டார். நான் மாதம் ஒரு தடவையாவது போய்ப் பாதத்தைப் பார்த்துவிட்டு வருவேன். அது என் வேலை நேரத்தில் சேராது, யாருடைய பதிவிலும் இருக்காது.

முதலில் போனபோது, "பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை நர்சம்மா, மூணு பேர்," என்றார். "மூணு பேரும் சேந்து பேசினாலும் எங்க அக்கா பேசறதுல பாதி வராது." அதற்கு மேல் அந்த அறையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொன்னதில்லை. அடுத்தடுத்த தடவைகளில் பேச்சே குறைந்துவிட்டது. கேட்டதற்குப் பதில். தைக்க ஏதாவது கொண்டுவரட்டுமா என்றேன். கண் தெரியவில்லை என்றார். கண்ணைச் சோதித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் தெரிந்தது.

மகன் வாரம் தவறாமல் கூப்பிடுகிறார். ஆயாவின் போனுக்குத்தான் வரும், அவர் விவரம் கேட்பதும் ஆயாவிடம்தான். போன வாரம் அது வந்தபோது நான் அங்கே இருந்தேன். ஆயா போனைச் சின்னவரிடம் கொடுத்துவிட்டு, யாரோ மணியடித்தார்கள் என்று பக்கத்து அறைக்குப் போனாள்.

"நல்லா இருக்கேன்டா," என்றார் சின்னவர். அவ்வளவு சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் கேட்பதற்கு முன்பே போனைக் காதிலிருந்து எடுத்து, ஆயா நிற்க வேண்டிய இடத்தை நோக்கி நீட்டினார். ஆயா இல்லை என்றதும் கையைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். அவர் கை அதற்குப் பழகியிருந்தது.

வாங்கினேன். தையல் போட்ட இடம் ஆறிவிட்டது, சாப்பிடுகிறார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னேன். "அப்படியா நர்சம்மா, சரி, சரி," என்றார் மகன். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. நான் பேசி முடிக்கும் வரை சின்னவர் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார், யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவதைப் போல.